சங்கிலிக் காடு

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் செல்பவர்கள், கீழே கோமுகி அணைப் பாசனத்தில் தேங்கிய நீரின் நடுவே நாற்றுகள் இடம் விட்டு நிற்கும் நெல்வயலையும், மேலே கல்வராயன் சரிவுகளில் மலைவாசிகள் வானத்தை நம்பி விதைத்த சாமை தாளோடு தாள் உரசி நெருங்கி நிற்பதையும் ஒரே நாளில் கண்டுவிடலாம். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால், ஒரு பரப்பின்மீது ஒரு முனையால் மட்டும் ஒட்டப்பட்ட நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள், கரைப்பான் ஏதும் இல்லாத நிலையில் எவ்வாறு நிற்கும் என்னும் சூட்சுமமான பிரச்சினை பாதி விளங்கிவிடும். மற்றப் பாதி விளங்குவதற்கு இந்த உபமானத்தையே கைவிட நேரும்.

சங்கிலி மூலக்கூறு அபூர்வ வஸ்து அல்ல. கள்ளக்குறிச்சி வட்டாரத்து மேட்டு நிலங்களில் விளைந்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி ஏறும் மரவள்ளிக் கிழங்கின் மாவே, குளுக்கோஸ் என்னும் சர்க்கரைக் கண்ணிகள் கோத்து உண்டான பாலிமர்தான். பாலிமர்ச் சங்கிலி ஒன்று உருகிய பிளாஸ்டிக்கினுள் தன் இனத்தாரிடையே கட்டற்றுக் கிடக்கையில், குடித்தவன் நடையைப்போலத் திசை தெரியாமல் வளைந்து சுருண்டுவிடுகிறது. அத்தகைய தாறுமாறான நடையின் கணிதத்தை விரிவாக வகுத்துத் தந்த கட்டுரைகளில் ஒன்று, வான சாஸ்திரியான சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் வெளியிட்டது என்பதைத் தமிழர்கள் சற்றே பெருமையுடன் நினைக்கலாம். அடிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எதுவோ, ஏறக்குறைய அத்தனை அடி தூரமே அந்த நடை எட்டும். மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான நானோமீட்டரில் கணக்கிட்டால், அரை நானோமீட்டர் நீளமுள்ள 1,000 கண்ணிகளின் சங்கிலி, இழுத்துப் பிடித்தால் 500 நானோமீட்டர். சுருண்டால் வெறும் 16.

இச்சங்கிலிகளை, மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதுபோல், ஒரு தளத்தில் நெருக்கமாகப் பிணைத்துவிட்டதாகக் கொள்வோம். கரைப்பானில் மூழ்கியிருந்தால், கண்ணிகள் ஒன்றையொன்று விலக்கும் விசைக்கும், நீள மறுக்கும் சுருளின் சுபாவத்திற்கும் இடையே நடக்கும் பேரத்தில் உயரம் தீர்மானமாகும். கரைப்பானை அகற்றிவிட்டாலோ பேரத்திற்கு இடமில்லை. வெற்றிடம் விடாமல் சங்கிலிகளே முழு இடத்தையும் அடைத்தாக வேண்டும். கண்ணி ஒன்றின் கன அளவு 0.1 கன நானோமீட்டர், இரண்டு சதுர நானோமீட்டருக்கு ஒரு சங்கிலி என்று வைத்துக்கொண்டால், சங்கிலியின் கன அளவாகிய 100-ஐ 2-ஆல் வகுக்க, உயரம் 50 நானோமீட்டர். பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு! எனினும் விடை சுருளின் இயல்பான அளவைப்போல் மும்மடங்கு. நெருக்கம் ஒன்றே சங்கிலிகளை நிமிர்த்திவிட்டது.

1977-இல் அலெக்சாண்டரும், 1980-இல் பிரெஞ்சு அறிஞர் டி ஜென்னும் இத்தகைய காட்டைப் பற்றி எழுதியபோது, எல்லாச் சங்கிலிகளின் நுனியும் சாமைக் கதிர்களைப்போல் உச்சியில் ஒரே மட்டத்தில் நிற்பதாகப் பாவித்தனர். சௌகரியமான பாவனைதான், உண்மை வேறு. 1985-இல் ரஷ்ய விஞ்ஞானி செமனோவ், சங்கிலியின் வடிவத்தை நியூட்டனின் விதிப்படி விழும் ஒரு துகளின் பாதையாகக் கருதலாம் என்று கண்டார். சுதந்திரமான நுனியில் இழுவிசை இல்லை. ஆகவே துகள் அங்கே நிலைகொண்ட நிலையிலிருந்து புறப்படுகிறது. கண்ணிகளின் எண்ணிக்கையே அதன் பிரயாண காலம். சங்கிலிகள் யாவும் சம நீளமாதலால், எந்த உயரத்தில் புறப்பட்டாலும் அது ஒரே காலத்தில் தளத்தை அடைந்தாக வேண்டும். சிறு வீச்சில் ஆடும் ஊஞ்சல், சற்றுக் கூடவோ குறையவோ இழுத்துவிட்டாலும், நடுப்புள்ளியை வந்தடைய எடுக்கும் நேரம் மாறாதிருப்பதைக் கண்டவர்களுக்கு இந்நிபந்தனை புதிதாகத் தோன்றாது. அதனை நிறைவேற்றுவது பரவளைய வடிவில் மாறும் அழுத்தமே, தளத்தருகே மிகுந்தும் உச்சியில் மறைந்தும்.

இதன் விளைவாக நுனிகள் எல்லா உயரங்களிலும் விரவிக் கிடக்கின்றன. உச்சியருகே அவை மிகுதியே. ஆயினும் கணக்கிட்டுப் பார்த்தால், நூற்றுக்குச் சுமார் 13 நுனிகள் பாதி உயரத்திற்கும் கீழே தங்கிவிடுகின்றன. எந்தச் சாமைக் கொல்லையிலும் இப்படி விளைந்தால் குடியானவன் பொறுப்பானா?

தளம் சமமாக இராமல் குன்றின் முகடுபோல் வெளிப்புறம் வளைந்தால் சித்தாந்தம் இன்னும் சிக்கலாகும். தளத்தையொட்டி நுனியே இல்லாத ஒரு வளையம் உண்டாகும். மிகச் சிறிய உருண்டைத் துகள்களின்மீது சங்கிலிகளை ஒட்டினால், ஒரு துளி கரைப்பானும் இன்றி அக்கூட்டமே திரவம்போல் ஓடவும் கூடும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூவும் கோக்கும் 2010-இல் இதற்குரிய கணிதத்தை அமைத்தார்கள். துகளிடை வெளியை நிரப்பும் சங்கிலிகளில் தன் பங்கை ஒவ்வொரு துகளும் தானே சுமந்து திரிவதால், அது தன்னைச் சூழ விலக்கி நிறுத்தும் அயல் துகள்களின் எண்ணிக்கை, அவர்களுடைய கணக்கின்படி, சரியாக ஒன்று.