காத்தாடிக் காட்டின் வேலையாட்கள்

வைகாசி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை அந்தப் பக்கத்து விவசாயி வாழ்த்தியதில்லை. வாழையைச் சாய்க்கும், கூரையைப் பிய்க்கும். அதைக் காசாக்கலாம் என்ற யோசனை வெளியிலிருந்துதான் வந்தது. 1986-இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அந்தக் காலத்து டென்மார்க் இயந்திரத்தின் திறன் 55 கிலோவாட். அடுத்த பத்தாண்டில் முப்பந்தல், பனகுடி, கயத்தாறு எனப் பொட்டல்காடெல்லாம் காத்தாடிக் காடானது. சுற்றுச்சூழல் மீது வந்த பாசம் அல்ல காரணம். முதலாண்டிலேயே இயந்திரத்தின் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள அரசு வழிவிட்டதுதான். நூற்பாலை முதலாளிகள் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காத்தாடிகளில் வேலை பார்த்தவர்கள் யார்? 'பசுமை வேலை' என்ற பேச்சே அப்போது கிடையாது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியனோ வயர்மேனோ படித்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள், மோட்டார் காயில் கட்டும் கடையில் நின்றவர்கள், டீசல் மெக்கானிக்குகள். நிலத்தை விற்றவர் வீட்டுப் பிள்ளைக்கு வாட்ச்மேன் வேலை. பாடத்திட்டம் என்று ஒன்றுமில்லை. முதல் நாள் சீனியருக்குப் பின்னால் ஏணியில் ஏற வேண்டும். தலை சுற்றாமல் இறங்கி வந்தவன் மறுநாளும் வரலாம். பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் இடுப்பில் ஒரு பெல்ட்.

ஆனால் அந்தப் படிப்பு லேசுப்பட்டதல்ல. கியர்பாக்ஸ் இரைச்சலில் ஒரு கரகரப்பு கூடினால் எந்த பேரிங் போகிறது என்று கீழே நின்றே சொல்வார்கள். பிரேக் பேட் தீயும் வாசனையும் ஆயில் கருகும் வாசனையும் வேறு என்று மூக்குக்குத் தெரியும். சீசன் நேரத்தில் லைன் போய்விட்டால் எல்லா இயந்திரமும் ஒன்றாக நிற்கும். மறுபடி வந்ததும் முள்ளுக்காட்டுக்குள் ஓடி ஒவ்வொன்றாகக் கிளப்ப வேண்டும். ஆடி மாதத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் உரிமையாளருக்கு நஷ்டம் என்பதால், ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடினார்கள். நின்ற நேரம், பிழையின் எண், மீட்டர் கணக்கு எல்லாம் நோட்டில் ஏறும்.

இன்று அந்த நோட்டு இல்லை. புதிதாக நடப்படும் இயந்திரங்கள் 3 மெகாவாட் அளவுக்கு வந்துவிட்டன. தூண் 140 மீட்டர். பெயர்ப்பலகைக் கணக்கில், பழைய 55 கிலோவாட் காத்தாடிகள் ஐம்பதுக்கு மேல் சேர்ந்தால்தான் இதில் ஒன்றுக்கு ஈடு. ஒவ்வோர் இறக்கையும் காற்றுக்கேற்பத் தானே கோணம் மாற்றிக்கொள்கிறது. அதிர்வை அளக்க சென்சார், நிலவரத்தைக் காட்ட எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையின் திரை. நின்றுபோன இயந்திரத்தைப் பல நேரம் அங்கிருந்தே கிளப்பிவிடுகிறார்கள். மேலே ஏறுகிறவர் உயரத்தில் வேலை செய்வது, தீயணைப்பு, முதலுதவி ஆகியவற்றில் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் கேட்கின்றன. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். 'அந்தக் காலத்தில் துணிச்சல் இருந்தது' என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தத் துணிச்சலுக்கு உடம்பு கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

பயிற்சி அமைப்புகளும் வந்தன. 1998-இல் சென்னையில் தொடங்கிய காற்றாற்றல் தொழில்நுட்ப மையம் இன்று தேசியக் காற்றுசக்தி நிறுவனம். அதன் சோதனை நிலையம் கயத்தாற்றில். 2015-இல் பசுமை வேலைகளுக்கென்றே ஒரு திறன் கவுன்சில். அதே ஆண்டு 'சூரியமித்ரா' திட்டம்: 600 மணி நேரம், விடுதியில் தங்கிப் படிப்பு, 2020-க்குள் 50,000 பேர் என்பது இலக்கு. இலக்கு எண்களைப் பார்க்கும்போது எனக்கு கமுதி ஞாபகம் வரும். 2016-இல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழும்பியபோது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருந்தது. கட்டி முடித்ததும் அவர்கள் கலைந்தார்கள். தகடுகளைத் துடைக்க ரோபோ வந்தது. நாட்டும் வேலை மாதக்கணக்கு, காக்கும் வேலை 25 ஆண்டு. பயிற்சிக் கணக்கில் இரண்டையும் ஒரே தலையாக எண்ணுவது சரியல்ல.

இன்னொரு மாற்றத்தையும் குறை சொல்ல மனம் வரவில்லை. காத்தாடிக் காட்டில் டெக்னீஷியனாக ஒரு பெண்ணைப் பார்ப்பது அரிது. இன்று அதே திருநெல்வேலிச் சீமையில், கங்கைகொண்டானில் சூரிய மின்கலம் செய்யும் ஆலையில் பெண்கள்தான் அதிகம்.

சிக்கல் பழையவர்களிடம் வந்து நிற்கிறது. 20 ஆண்டு கடந்த காற்றாலைகளை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழக அரசு 2024-இல் கொள்கை கொண்டுவந்தது. நல்ல காற்று வீசும் இடத்தையெல்லாம் சிறிய இயந்திரங்கள் பிடித்து வைத்திருப்பதால் அது தேவைதான். ஆனால் பத்து சின்னதைக் கழற்றி ஒரு பெரியதை நட்டால், பத்தையும் பார்த்துக்கொண்டவருக்கு என்ன வேலை? நிலக்கரித் தொழிலாளியைப் பசுமைத் தொழிலுக்கு மாற்றுவது பற்றி நிறையப் பேசுகிறோம். பசுமைத் தொழிலுக்குள்ளேயே பழசாகிப்போனவர் பேச்சில் வருவதில்லை.

48 வயதில், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தோடு இருப்பவரிடம் மூன்று மாதம் விடுதியில் தங்கிப் படி என்றால் வரமாட்டார். காற்று ஓய்ந்த மாதங்களில் படிக்கலாமே என்று தோன்றும். பெரிய சர்வீஸ் வேலைகள் குவிவதே அப்போதுதான். ஆகவே வகுப்பு தூணுக்கடியில் நடக்க வேண்டும். சம்பளம் வெட்டாமல், வள்ளியூரிலோ பனகுடியிலோ, கன்வெர்ட்டரையும் கண்ட்ரோலரையும் அவர் கையில் கொடுத்து. சான்றிதழோடு வந்த பையனுக்கு கியர்பாக்ஸ் சத்தத்தை அவர் கற்றுக்கொடுத்தால், அந்த மணி நேரத்துக்கும் கூலி வேண்டும். செலவு யாருடையது என்று கேட்டால், இயந்திர உரிமையாளர் பராமரிப்புக் கம்பெனியைக் காட்டுவார். கம்பெனி, ஆள் எங்கள் ரோலில் இல்லை, ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள் என்னும். ஒப்பந்தக்காரரின் டெண்டரோ வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது.