விலையா, தண்டமா, வட்டியா? இலண்டன் வங்கிக் கட்டண வழக்கும் ஃபிக்ஹின் அளவுகோலும்

ஒரு பொருளை அதன் சந்தை மதிப்பிலிருந்து பெரிதும் விலகிய விலைக்கு விற்பதாலோ வாங்குவதாலோ ஒரு தரப்பாருக்கு நேரும் இழப்பை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கப்ன்' எனக் குறிக்கின்றன. சிறிய இழப்பு 'யஸீர்'; மிகையானது 'ஃபாஹிஷ்'. உதுமானியப் பேரரசு 1869க்கும் 1876க்கும் இடையில் தொகுத்த மஜல்லா சட்டநூல், சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு, கால்நடைகளில் பத்தில் ஒரு பங்கு, வீடு நிலங்களில் ஐந்தில் ஒரு பங்கு என ஃபாஹிஷுக்கு அளவே வகுத்துத் தந்தது. ஆயினும் இந்த இழப்பை மட்டும் காரணமாகக் காட்டி வியாபாரத்தை முறிக்கலாமா என்றால், ஷாஃபிஈ மத்ஹபின் விடை 'முறிக்கலாகாது' என்பதே. ஹனஃபி அறிஞர்களும் ஏமாற்று சேர்ந்திருந்தாலன்றி அவ்வுரிமையை ஏற்பதில்லை. அநாதையின் சொத்து, வக்ஃபுச் சொத்து போன்றவற்றுக்கு விலக்களித்தனர். விலை பேசுவது வாங்குவோர் விற்போர் பாடு, காழியின் பணியன்று என்பது இதன் உட்கிடை.

ஏறத்தாழ இதே வினா 2009ஆம் ஆண்டில் இலண்டனில், அவ்வாண்டு அக்டோபரில் பணி தொடங்கிய ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. பிரிட்டனின் வங்கிகள் நடப்புக் கணக்கை இலவசமாக நடத்தின. கணக்கில் பணம் இருக்கும்வரை கட்டணம் இல்லை. இருப்பு தீர்ந்தபின், முன் அனுமதியின்றிக் காசோலையோ தானியங்கிப் பற்றோ வந்துவிட்டால், ஒரு நிகழ்வுக்கு 30 பவுண்டை ஒட்டியும் அதற்கு மேலும் கட்டணம் விழும். பற்றான தொகை 5 பவுண்டானாலும் அதே கட்டணம். இவ்வகையில் 2006இல் மட்டும் வங்கிகள் ஈட்டியது 260 கோடி பவுண்டு. நடப்புக் கணக்குகளால் அவை பெற்ற மொத்த வருவாயான 830 கோடியில் இது முப்பது விழுக்காட்டுக்கு மேல். மாத இறுதியில் கை வறண்டவரின் பணத்தில் வசதியுள்ளவரின் இலவசச் சேவை நடந்தது என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

ஆயிரக்கணக்கானோர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தனர். 2007 ஜூலையில் நியாய வணிக அலுவலகம் ஏழு வங்கிகள் மீதும் ஒரு கட்டடச் சங்கத்தின் மீதும் மாதிரி வழக்கொன்றைத் தொடங்க, ஏனைய முறையீடுகள் காத்திருக்க நேர்ந்தது. அன்றைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில், ஒப்பந்தத்தை மீறியவரிடம் நியாயமான இழப்பீட்டுக்கு மிஞ்சிய தண்டம் வசூலிக்க இயலாதிருந்தது. வங்கிகளோ ஒப்பந்த வாசகத்தை நுட்பமாக அமைத்திருந்தன: இருப்பை மீறிப் பணம் எடுப்பது மீறல் அன்று, வாடிக்கையாளர் கடன் கேட்டு விடுக்கும் ஒரு விண்ணப்பம். மீறல் இல்லையெனில் தண்டமும் இல்லை. 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், வங்கிகளின் அப்போதைய வாசகங்களைப் பொறுத்தவரை, இவ்வாதத்தை ஏற்றது. சொல்லை மாற்றிச் சட்டத்தின் விளைவை மாற்றும் 'ஹீலா' எந்த நாட்டுக்கும் புதிதன்று போலும்!

எஞ்சியது 1999ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள். நல்லெண்ணத்துக்கு மாறாகத் தரப்பாரின் உரிமைகளில் பெரும் சமனின்மையை உண்டாக்கும் வாசகம் செல்லாது என்றன அவை. ஆனால் தெளிந்த மொழியில் எழுதப்பட்டிருப்பின், விலை தகுமா தகாதா என்ற கோணத்தில் அதனை ஆராயலாகாது என்று அவற்றின் ஆறாம் விதி தடுத்தது. கட்டணம் 'விலை' ஆகாது என்று உயர் நீதிமன்றமும், 2009 பிப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கூறின. அவ்வாண்டு நவம்பர் 25இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதனை மாற்றினர். நடப்புக் கணக்கு என்பது பல சேவைகளின் தொகுப்பு. இக்கட்டணமும் அத்தொகுப்புக்கான விலையின் ஒரு கூறு. ஆகவே அது மிகையா என நீதிமன்றம் அளக்க முடியாது என்றனர். கட்டணம் நியாயமானது என்று அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை என்பதை ஈண்டு அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்த மாதமே நியாய வணிக அலுவலகம் வழக்கைக் கைவிட்டது.

இத்தீர்ப்பைக் காட்டி, ஷரீஅத் ஏழையைக் காத்திருக்கும், மேலைச் சட்டம் கைவிட்டது என எளிதில் பேசிவிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. விலையை நீதிபதி அளவிடலாகாது என்பதில் அந்த ஐவரும் நம் பெரும்பான்மை இமாம்களின் அருகில்தான் நிற்கின்றனர். ஹன்பலி மத்ஹபோ 'முஸ்தர்ஸில்' எனப்படும் ஒருவருக்கு முறிக்கும் உரிமை தந்து கதவைச் சற்று அகலத் திறந்தது. விலை அறியாதவர், பேரம் பேசத் தெரியாதவர், விற்பவரை நம்பி ஒப்படைத்தவர் அவர். கணக்குத் தொடங்கும் நாளில் கட்டண அட்டவணையைப் படியாமல் கையொப்பமிடும் வாடிக்கையாளருக்கு இதனினும் பொருந்தும் பெயரை நாம் அறியோம்.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. விலை மிகையா என்று கேட்குமுன், எதற்கான விலை என்று ஃபிக்ஹு கேட்கும். இருப்பின்றி வங்கி தரும் தொகை கடன், அதாவது 'கர்ழ்'. கடனுக்குச் சேவைக் கட்டணம் பெறலாம். ஆனால் உண்மையான செலவின் எல்லைக்குள்தான். மிஞ்சியது வட்டியே என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1986இல் அம்மானில் தீர்மானித்தது. கடன்பட்டவர் மீது தாமதத்துக்காகத் தண்ட நிபந்தனை விதிப்பதையும் அதே அகாடமி 2000இல் ரியாதில் விலக்கியது. தொகுப்பு என்ற போர்வை இங்கே உதவாது; தொகுப்புக்குள் இருக்கும் கடன் கடனாகவே பார்க்கப்படும். (வாடிக்கையாளரின் வைப்பும் வங்கிக்கு அவர் தரும் கடனே என்போர் உண்டு. அப்படியாயின் அவருக்குக் கிடைக்கும் இலவசச் சேவையின் நிலை என்ன? அது தனியே ஆராயத்தக்கது.)

பின்னர் பிரிட்டன் சட்டத்தைத் திருத்தியது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி விலை வாசகம் தெளிவாக இருந்தால் போதாது, கண்ணில் படும்படியும் இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் நிதி நடத்தை ஆணையம், மிகைப்பற்றுக்கான நிலைக் கட்டணங்களை ஒழித்து, ஒரே ஆண்டு வட்டி வீதமாக மட்டுமே பெற ஆணையிட்டது. சிறு தொகைக்கு 30 பவுண்டு இழந்தவருக்கு இது பெரும் விடுதலையே. ஆனால் பல வங்கிகள் நிர்ணயித்த வீதம் ஏறத்தாழ 40 விழுக்காடு. கட்டணம் என்ற பெயரில் ஐயத்துக்கு இடமாக இருந்தது, இப்போது வட்டி என்ற சொந்தப் பெயரிலேயே வருகிறது. பணமின்றித் திருப்பப்படும் பற்றுகளுக்கான கட்டணத்தைப் பற்றி மட்டும் அதே ஆணையம் வேறு வழி கூறியது: திருப்பும் செலவுக்கு நியாயமாக ஈடாக அது இருக்க வேண்டும் என்பதே அது. அம்மான் தீர்மானத்தின் அளவுகோலும் ஏறத்தாழ இதுவே.