டோக்கன் காசும் டுபாக்கூர் காசும்!

தோல் ஷாப் கேன்டீன்ல டீக்கு டோக்கன் கொடுப்பாங்களே, பார்த்திருக்கீங்களா? சின்னதா ஒரு வட்டத் தகடு. அந்த கேட்டுக்கு உள்ளே அது காசு. அதையே எடுத்துக்கிட்டு ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, வெறும் தகரம்!

சரி, ஒரு நாடே இப்படி டோக்கனை நம்பி ஓடினா எப்படி இருக்கும்?

ஓடியிருக்கு பாஸ். 18-ம் நூற்றாண்டு அயர்லாந்துல சில்லறைக்குப் பயங்கரத் தட்டுப்பாடு. கூலி கொடுக்கணும், கடையில மிச்சம் கொடுக்கணும், கையில செப்புக் காசு இல்லை. அரசாங்கத்தை எதிர்பார்த்துப் பிரயோஜனம் இல்லைன்னு வியாபாரிகளே காசு போட ஆரம்பிச்சாங்க. 1760-ல டப்ளின்ல ஒரு டோக்கன் வந்தது. அதுல லத்தீன்ல இருந்த வாசகத்துக்கு அர்த்தம், 'மக்கள் குரலால்'. செம தில்லு இல்ல?

1789-ல விக்லோ பக்கம் செப்புச் சுரங்கம் நடத்தின ஒரு கம்பெனி, தன் செம்புலயே அரைப் பென்னி டோக்கன் போட்டது. முகப்புல உயரமான குல்லா வெச்ச ஒரு பிஷப். அழகு அது இல்லை. காசோட விளிம்பைப் பாருங்க. 'குரோன்பேன் லாட்ஜிலோ டப்ளினிலோ கொடுத்தால் பணம் தரப்படும்'னு சுத்தி எழுதியிருக்கும். ராஜா தலை இல்லை, கவர்மென்ட் முத்திரை இல்லை. அந்த ஒரு வரி வாக்குறுதிதான் அதோட மதிப்பு. இன்னிக்கு உலகம் முழுக்க இதைத் தேடிச் சேர்க்கிறவங்க இருக்காங்க.

'அதெல்லாம் சரி, வேலூர்க்காரனுக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?'னு கேட்கிறது காதுல விழுது.

சம்பந்தம் இருக்கு. குரோன்பேன் டோக்கனை அடிச்சுக் கொடுத்தது பர்மிங்ஹாம் பக்கத்துல மேத்யூ போல்டன் நடத்தின சோஹோ பட்டறை. நீராவி இயந்திரம் வெச்சுக் காசு அடிச்ச கில்லாடி அவர். அதே பட்டறைதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நம்ம மெட்ராஸ் மாகாணத்துக்கும் செப்புக் காசு அடிச்சது. 1803, 1808-ன்னு வருஷம் போட்ட 10 காசு, 20 காசு. ஒரு பக்கம் ரெண்டு சிங்கம் தாங்குற கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1806 ஜூலை 10-ம் தேதி வேலூர்க் கோட்டையில சிப்பாய்கள் கிளம்பினாங்களே, அவங்க மடியில 1803 காசு ஒண்ணு இருந்திருக்கலாம்!

1808 காசுக்கு இன்னும் பெரிய கதை. டன் கணக்குல அதை ஏத்திக்கிட்டு மெட்ராஸ் கிளம்பின 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரையைத் தாண்டுறதுக்குள்ளேயே மணல் திட்டுல மோதி மூழ்கிடுச்சு. 1980-கள்ல முக்குளிச்சு அள்ளினாங்க பாருங்க, லட்சக்கணக்குல! அதனாலதான் 200 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தக் காசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. பழசு வேற, அரிசு வேற. இது புரிஞ்சா பாதி பேர் உங்களை ஏமாத்த முடியாது.

மீதிப் பாதி? அங்கதான் இருக்கு மேட்டர்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார், தாமரைன்னு படம் போட்டு, 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி 1818'னு எழுதின காசு ஒண்ணு ஊர் ஊரா சுத்துது. 'தாத்தா காலத்துக் காசு தம்பி, லட்சக்கணக்குல போகும்'பாங்க. கம்பெனி அப்படி ஒரு காசை அடிச்சதே கிடையாது. அடுத்த கட்டம் 'ரைஸ் புல்லிங்': காசு அரிசியை இழுக்குமாம், நாசா கோடி ரூபாய்க்கு வாங்குமாம். அரிசியில இரும்பைச் சேர்த்தா காந்தம் இழுக்காம என்ன செய்யும்? ப்ளஸ் டூ பிசிக்ஸ்! இதுல நிலத்தை வித்துக் கொடுத்தவங்க நம்ம மாநிலத்துலயே உண்டு. 'பழைய அஞ்சு ரூபாய்க்கு அஞ்சு லட்சம், முதல்ல கமிஷன் கட்டுங்க'ன்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே இது நடக்குதுன்னு அந்த வங்கியே 2021 ஆகஸ்ட்ல எச்சரிச்சது.

அதுக்காக சாமி படம் போட்டதெல்லாம் டூப்னும் முடிவு கட்டாதீங்க. 1808 வாக்குல மெட்ராஸ்ல கம்பெனி அடிச்ச வெள்ளி அரை வராகன்ல ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. தமிழ், தெலுங்கு எழுத்தும் உண்டு. அது அசல்! ஆக, படத்தைப் பார்த்து முடிவு பண்ண முடியாது. யார், எந்த வருஷம், எங்கே அடிச்சாங்கன்னு கேட்டலாக்கைப் புரட்டியே ஆகணும். அயர்லாந்து டோக்கன்களிலும் அப்பவே போலி புகுந்திருக்கு. சேகரிக்கிறவங்க கூடினதும், ஒரு டோக்கன் முகப்பையும் இன்னொண்ணோட பின்பக்கத்தையும் வேணும்னே சேர்த்து அடிச்சு 'அரிய வகை' தயாரிச்ச பட்டறைகளும் 1790-கள்ல இருந்திருக்கு. மோசடிக்கு வயசு ஜாஸ்தி.

நம்ம ஏரியாவுலயே ஆரம்பிக்கலாம். 1749 ஆம்பூர்ப் போர்ல அன்வருதீன் கான் இறந்த பிறகு ஆற்காடு நவாப் ஆனவர் முகம்மது அலி வாலாஜா. அவர் பேர் பொறிச்ச குட்டிச் செப்புக் காசுகள் உண்டு. 'ஆற்காடு ரூபாய்' இன்னும் தமாஷ்: ஆற்காட்டுப் பேரைப் போட்டு புதுச்சேரியில பிரெஞ்சுக்காரங்களும், மெட்ராஸ்ல இங்கிலீஷ்காரங்களும் அடிச்சுத் தள்ளினாங்க. வேலூர்க் கோட்டைக்குள்ள அரசு அருங்காட்சியகம் இருக்கே, ஒரு சனிக்கிழமை போய் நாணயங்களைப் பாருங்க. அசல் காசு கண்ணுக்குப் பழகணும்.

வீட்டுல பழைய செப்புக் காசு கிடைச்சா அம்மா புளி போட்டுத் தேய்க்கிறதுக்கு முன்னாடி பிடுங்கிடுங்க! அந்தப் பழுப்புப் படலம் போச்சுன்னா சேகரிக்கிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பளபளக்கிற பி.வி.சி. கவரும் வேண்டாம், செம்பு பச்சை பூத்துடும். காகித உறையே போதும்.

கடைசியா சட்டம். மண்ணைத் தோண்டும்போது புதையலா கிடைச்சா 1878-ம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும். 100 வருஷம் தாண்டின காசை வெளிநாட்டுக்கு அனுப்பி வித்துடலாம்னும் கணக்குப் போடாதீங்க. 1972 சட்டம் தடுக்குது. காயலாங்கடையில எடைக்குப் போட்டிருக்கிறதைக் கிளறிப் பார்க்க மட்டும் எந்தச் சட்டமும் குறுக்கே வராது.