நாற்பது ஆண்டு தாமதமாக ஒரு தேன்நிலவு

எஞ்சினியரிங் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி பாலங்களோடுதான் கழிந்தது. 1983ல் திருமணம். ஐந்தாம் நாள் கொடைக்கானல் புறப்பட டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம். அதற்குள் தந்தி வந்தது. வெள்ளத்தில் ஒரு பாலத்தின் தூண் அடியில் மண் அரித்துவிட்டதாம். "அடுத்த வருஷம் போகலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ரயிலேறினேன். அந்த அடுத்த வருஷம் 2023ல்தான் வந்தது!

மான்ட்ரியலில் வேலை பார்க்கும் எங்கள் மகன், "அப்பா, உங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு நீங்கள் இருவர் மட்டும் கியூபெக் நகரம் போய் வாருங்கள்" என்று இரண்டு ரயில் டிக்கெட்டுகளைக் கையில் கொடுத்தான். செப்டம்பர் மாதம், குளிர் இன்னும் கடுமையாகவில்லை. ஒரு ஸ்வெட்டர் போதும்.

மான்ட்ரியலிலிருந்து சுமார் 250 கி.மீ. தூரம், ரயிலில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். ஊரை நெருங்கும்போது ரயில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் பிரம்மாண்டமான இரும்புப் பாலம் ஒன்றைக் கடக்கிறது. நான் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. அந்தப் பாலத்தின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

'ஆறு குறுகும் இடம்' என்பது 'கியூபெக்' என்ற பழங்குடிச் சொல்லின் பொருள். பிரெஞ்சுக்காரரான சாமுவேல் தெ ஷாம்ப்ளேன் 1608ல் இங்கே குடியிருப்பை நிறுவினார். 1759 செப்டம்பர் 13 அன்று நகருக்கு வெளியே நடந்த போரில் ஆங்கிலேயர் வென்றார்கள். இரு படைத் தளபதிகளுமே அதில் பட்ட காயத்தால் இறந்தார்கள். ஆட்சி மாறியது, ஊரின் மொழி மட்டும் மாறவில்லை. இன்றும் கடைக்குள் நுழைந்தால் முதலில் 'போன்ஷூர்' என்றுதான் வரவேற்கிறார்கள். நம் திணறலைப் பார்த்த பிறகு ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். வெளி மாநிலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் பாடுபடும் நமக்கு இதன் அருமை தெரியும்.

பழைய நகரம் இரண்டு அடுக்காக இருக்கிறது. பாறை மேல் மேல்நகரம், ஆற்றங்கரையில் கீழ்நகரம். மேல்நகரைச் சுற்றி 4.6 கி.மீ. நீளத்துக்குக் கோட்டை மதில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்படவிருந்த இந்த மதிலைக் காப்பாற்ற முன்நின்றவர் யார் தெரியுமா? அன்று கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டஃப்ரின் பிரபு. பின்னர் 1884 முதல் 1888 வரை நம் நாட்டின் வைஸ்ராயாக இருந்தவர். கல்கத்தாவில் லேடி டஃப்ரின் பெயரில் மருத்துவமனை இருக்கிறதே, அந்த அம்மையாரின் கணவர்தான். மதில் நின்றதால் ஊரின் பழைமை நின்றது. 1985ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

டஃப்ரின் பெயரிலேயே பாறை விளிம்பில் ஒரு நீண்ட மரப்பலகை நடைமேடை இருக்கிறது. அதை ஒட்டி அரண்மனை போல் நிற்பது ஷாத்தோ ஃப்ரோன்தனாக் ஹோட்டல். ரயிலுக்குப் பயணிகளைச் சேர்க்க கனடியன் பசிபிக் ரயில்வே 1893ல் திறந்தது. நாங்கள் தங்கியது அங்கல்ல. வாடகையைக் கேட்டதும் என் பென்ஷன் நினைவுக்கு வந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு சிறு விடுதி எங்களுக்குப் போதுமாக இருந்தது.

கீழ்நகருக்கு இறங்கும் படிகளை என் மனைவியின் முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. 1879 முதல் சரிவில் ஓடும் இழுவை வண்டி சற்று நேரத்தில் கீழே கொண்டு விட்டுவிடுகிறது. கல் பாவிய குறுகிய தெருக்கள், பூந்தொட்டி வைத்த ஜன்னல்கள், 1688ல் கட்டத் தொடங்கிய சிறு தேவாலயம். நாங்கள் பேசாமலே இரண்டு மணி நேரம் நடந்தோம். சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 'பூட்டீன்' என்ற உருளைக்கிழங்கு வறுவலின் மேல் ஊற்றும் குழம்பு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்தது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மாலையில் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வாய் சும்மா இருக்குமா? பாலத்தின் கதையை ஆரம்பித்தேன்.

இரு பக்கத் தூண்களிலிருந்தும் கைகளை நீட்டி நடுவில் இணைக்கும் 'கான்டிலீவர்' பாலம் அது. நம் ஹவுரா பாலமும் அந்த வகைதான். வடிவமைக்கும்போது நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டினார்கள். ஆனால் பாலத்தின் சொந்த எடையைப் புதிய நீளத்துக்கு ஏற்பச் சரியாகக் கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்டில், பாரம் தாங்கும் அடிப்பக்க உறுப்புகள் வளையத் தொடங்கியதைக் களத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். வளைவை அளந்தார்கள், விவாதித்தார்கள், ஆலோசகரைக் கேட்க நியூயார்க்குக்கு ஆள் அனுப்பினார்கள். இனிப் பாரம் ஏற்ற வேண்டாம் என்று அவர் கொடுத்த தந்தி பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனிக்குப் போனது. பாலத்தில் வேலை நிற்கவில்லை. அன்று மாலையே, ஆகஸ்ட் 29ல், பாலம் ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டார்கள். மீண்டும் கட்டும்போது 1916ல் நடுப்பகுதி விழுந்து இன்னும் 13 பேர். 1917ல்தான் பாலம் முடிந்தது. 549 மீட்டர் இடைவெளியோடு, அந்த வகைப் பாலங்களில் இன்றும் உலகிலேயே அதுதான் நீளமானது.

மனைவி வெகு நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வளையறது கண்ணுக்குத் தெரிஞ்சும் ஏங்க சும்மா இருந்தாங்க?" என்றாள்.

"தாங்கிக்கும்னு நினைச்சிருப்பாங்க" என்றேன்.

"நானும் தாங்கிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் கொடைக்கானல் டிக்கெட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில வச்சிருக்கேன்."

எனக்கு அது தெரியாது. நாற்பது வருஷமாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. பதில் சொல்ல வரவில்லை. குளிர்காற்று வீசியது, அவள் சால்வையைச் சரிசெய்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பழுப்பேறிய இரண்டு அட்டை டிக்கெட்டுகள், நூல் சுற்றி இருந்தன. இந்த வருஷம் கொடைக்கானலுக்கும் முன்பதிவு செய்துவிட்டேன். அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.