மலையூர்க் காவல் நிலையமும் எம்மவர் முறைப்பாடும்

பல்லரோச் சந்தையைச் சூழ்ந்த ஒடுங்கிய தெருக்களிலே குடியிருக்கும் எம்மவர்க்குக் காவற்றுறை என்பது கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. குவெஸ்தூரா நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. கடவுச்சீட்டுத் தொலைந்தாலும் கைப்பை பறிபோனாலும் மொழி தெரிந்த பிள்ளையொன்றை அழைத்துக்கொண்டு அன்றைக்கே போய் எழுதுவித்துவிடலாம். ஆயின், முதியோரைப் பராமரிக்கும் வேலையை நாடிப் பலெர்மோவை விட்டு மலையூர்களுக்குச் சென்று தங்கிவிட்ட எம் சகோதரிகளின் நிலை இத்தகையதன்று. அவர்களைக் கருதியே இக்கட்டுரையை எழுத முற்படுகின்றோம்.

இத்தாலியில் கொமூனே எனப்படும் உள்ளூராட்சிச் சபைகள் ஏறத்தாழ 7,900 உள்ளன. அவற்றுட் பத்தில் ஏழு பங்கு 5,000 பேருக்கும் குறைந்த மக்களைக் கொண்ட சிற்றூர்கள். பலெர்மோ மாகாணத்தில் மட்டும் 82 கொமூனேக்கள். 1981ஆம் ஆண்டின் 121ஆம் இலக்கச் சட்டத்தாற் குடிசார் அமைப்பாக மாற்றப்பட்ட அரச பொலிஸ், மாகாணத் தலைநகரிலும் பெரிய ஊர்களிலுமே நிலைகொண்டுள்ளது. சிற்றூர்களிலே சட்டத்தின் முகமாக விளங்குவது கறபினியேரி நிலையம். 1814இல் தூரின் நகரிலே தோற்றுவிக்கப்பட்ட இப்படைக்கு நாடு முழுவதிலும் 4,500க்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. படை என்ற வகையிற் பாதுகாப்பு அமைச்சின் கீழும், பொது ஒழுங்குக் கடமையில் உள்நாட்டு அமைச்சின் கீழும் அது இயங்குகின்றது.

எண்ணிக்கையைப் பார்த்து எவரும் மயங்கவேண்டா. சிறிய நிலையமொன்றிலே மறெஷால்லோ எனப்படும் பொறுப்பதிகாரியும் அவருக்குக் கீழே விரல்விட்டு எண்ணத்தக்க சிலருமே கடமையில் இருப்பர். அவர்களுள் ஒருவர் விடுமுறையில், ஒருவர் நீதிமன்றிற் சாட்சியத்திற்கு, இன்னொருவர் அயலூர்க் கடமையில் என்று கழித்துப் பார்த்தால் எஞ்சுவோர் எத்தனை பேர்? ஆகையால் பல நிலையங்களின் கதவு நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. மூடியுள்ள வேளையில் வாயிலிலுள்ள அழைப்பு மணியை அழுத்தினால், பெரிய ஊரிலுள்ள மேல்நிலையத்தின் செயற்பாட்டு அறையிலிருந்தே குரல் வரும். 112 என்ற இலக்கத்தை அழைத்தாலும் அயலூர்களுக்கெல்லாம் பொதுவான சுற்றுக்காவல் வாகனமே வரவேண்டும். மலைப்பாதையில், அதுவும் மாரிகால இரவில், அதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதைச் சிசிலியின் உட்பகுதிக்கு ஒருமுறை சென்றவர்களே உணர்வர்.

ஆட்பற்றாக்குறையுள்ள சிற்றூரில் அச்சம் எவ்வாறு ஆட்சிசெய்யும் என்பதற்கு இத்தீவின் வரலாறே சான்று. பலெர்மோவுக்குத் தெற்கேயுள்ள கொர்லெயோனேயில் தொழிற்சங்கவாதி பிளாசிதோ ரிஸ்ஸொத்தோ 1948 மார்ச் 10ஆந் திகதி கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அங்கு இளம் கப்டனாகப் பணியாற்றிய கார்லோ அல்பெர்த்தோ தல்லா கியேசா குற்றவாளிகளைத் தேடிப் பிடித்தார். எனினும் போதிய சான்று இல்லையென்று நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஊரில் அறிந்தவர்கள் இல்லாமலில்லை. சொல்லத் துணிந்தவர்கள்தாம் இல்லை. ரிஸ்ஸொத்தோவின் எலும்புகள் அவருடையவையே என உறுதியானது 2012இல். பலெர்மோவை அடுத்துள்ள மொன்றெயாலேயின் கறபினியேரி கப்டன் எமனுவேலே பாஸிலே 1980 மே 4ஆந் திகதி தம் சிறு மகளைக் கையில் ஏந்தியிருந்த நிலையிற் சுடப்பட்டார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த மாரியோ தலேயோவும் 1983 ஜூன் 13ஆந் திகதி இரு சகாக்களோடு கொல்லப்பட்டார். இடையில், 1982இற் பலெர்மோவின் பிரிபெக்ட்டாக வந்த தல்லா கியேசா, தமக்கு வேண்டிய அதிகாரங்கள் தரப்படவில்லையென்று ஓகஸ்ட் மாதப் பத்திரிகைப் பேட்டியொன்றிலே வெளிப்படையாகக் கூறினார். செப்டெம்பர் 3ஆந் திகதி அவர் மனைவியோடு கொல்லப்பட்டார். ஒருவரை அனுப்பிவைத்துவிட்டு அவர் கையை வெறுமையாக விடுவது அரசுகளுக்குப் பழகிப்போன வழக்கம்போலும்.

எமது மண்ணை எண்ணிப் பார்ப்போம். எமது பாட்டனார் காலத்துக் கிராமத்திலே சீருடைக்காரரைக் காண்பது அரிது. விதானையார் இருந்தார். வேலிச் சண்டையும் மாட்டுத் திருட்டும் அவர் முற்றத்திலேயே தீர்ந்தன. அம்முறையில் சாதிச் செருக்கும் கைக்கூலியும் கலந்திருந்ததை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் முறைப்பாட்டுக்காரன் பேசிய மொழி அவருக்கு விளங்கியது. 1963இல் விதானைமார் முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்தனர். அதன்பின் 1981இல் ஆனைக்கோட்டை, 1982இலும் 1984இலும் சாவகச்சேரி எனப் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டமையும், சிறிய நிலையங்கள் பல மூடப்பட்டமையும் எம் வாசகர் அறிந்த வரலாறே.

போர் 2009இல் ஓய்ந்தபின் வடக்கில் நிலையங்கள் மீண்டும் பெருகின. கட்டடம் வந்தது, வாகனம் வந்தது. தமிழ் தெரிந்த அலுவலர் போதிய அளவில் வரவில்லை. தமிழில் அழுது சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, எழுதியது இன்னதென்று விளங்காமலே கையொப்பமிடுவிக்கும் கொடுமை தொடர்ந்தது. அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும், 2011இல் வெளிவந்த தன் அறிக்கையிலே, பொலிஸ் நிலையங்களில் இருமொழி அலுவலர் 24 மணி நேரமும் இருத்தல் வேண்டும் என்றும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியிலே வாக்குமூலம் அளிக்கும் உரிமை பெறவேண்டும் என்றும் விதந்துரைத்தது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இலேயே 13ஆந் திருத்தம் கூறிவிட்டது. அதே திருத்தம் மாகாணங்களுக்கு எழுதிக் கொடுத்த பொலிஸ் அதிகாரம் ஏட்டிலேயே கிடக்கின்றது. ஆளணியைக் கூட்டுவதாற் பயன் விளைய, வருகின்ற ஆளுக்கு எம் நாவு விளங்கவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்டமுடியும்?

இங்கே சட்டம் என்ன சொல்கின்றது? குற்றத்தாற் பாதிக்கப்பட்டவர் அதிகாரிகளை முதன்முதலிற் சந்திக்கும்போதே தமக்கு விளங்கும் மொழியிலே தம் உரிமைகளை அறியவேண்டும். இத்தாலிய மொழி அறியாதவரை விசாரிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்படவேண்டும். தொலைத்தொடர்புக் கருவிமூலம் அவர் உதவுவதற்கும் இடமுண்டு. ஆனால், தாம் அறிந்த மொழியிலேயே முறைப்பாட்டைக் கொடுக்கும் உரிமையை 2015இன் 212ஆம் இலக்கச் சட்டவாணை ஓரிடத்திற்கு மட்டுமே தந்துள்ளது: நீதி மாவட்டத் தலைநகரிலுள்ள அரச வழக்குத்தொடுநர் அலுவலகம். எமக்கு அது பலெர்மோ. மலையூரிலே அச்சுறுத்தப்பட்ட பெண்ணொருத்தி, தன் மொழியில் எழுதிக்கொடுக்க விரும்பினால், வேலைக்கு ஒருநாள் விடுப்புக் கேட்டு, பேருந்து ஏறி இந்நகருக்கு வரவேண்டும். விடுப்புக் கேட்கவேண்டியவர் சிலவேளை அச்சுறுத்தியவராகவே இருப்பார்.

எனவே மலையூரில் உள்ளோர் சிலவற்றை மனங்கொள்ளுதல் நன்று. பாதிக்கப்பட்டவர் தாமே வேண்டினால் மட்டும் வழக்காகும் குற்றங்களுக்குரிய முறைப்பாட்டைப் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் கொடுத்துவிடவேண்டும். பாலியல் வன்முறைக்கு அக்காலம் நீண்டது. ஆகவே ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று நாட்களைக் கடத்தலாகாது. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறலாம். விளங்காத தாளிற் கையொப்பமிடாதீர். ஊரிலே பட்டது போதும். பெண்கள் வன்முறைக்கு உள்ளானால் 1522 என்ற இலவச இலக்கம் இரவு பகலாக இயங்குகின்றது. பெரும் ஊர்களைப் போலன்றி, பொலிஸ் அலுவலகம் இல்லாத கொமூனேயிலே பொதுப் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவர் நகரபிதா. வீட்டில் வெளிநாட்டவரைத் தங்கவைப்போர் 48 மணி நேரத்துள் கொடுக்கவேண்டிய அறிவித்தலும் அங்கே அவரிடமே கொடுக்கப்படும். மறெஷால்லோவை அவசரம் வருமுன்னரே ஒருநாள் கண்டு வணக்கம் சொல்லி, பெயரையும் இருப்பிடத்தையும் அறிவித்து வையுங்கள். சிற்றூரில் அவரும் பெரும்பாலும் வெளியூர்க்காரரே.

பலெர்மோவிலுள்ள எம் சங்கங்களும் கோவில் பரிபாலனத்தாரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இங்கு பிறந்து வளர்ந்து, இரு மொழியும் கைவந்த பிள்ளைகள் இப்பொழுது பல்கலைக்கழகப் படிகளில் நிற்கின்றனர். அவர்களுட் பத்துப் பேரின் தொலைபேசி இலக்கங்களை, அவர்கள் இசைவோடு, மலையூர்களில் வேலைசெய்யும் எம் சகோதரிகளுக்குக் கொடுத்து வைக்கலாம். செப்டெம்பர் 4ஆந் திகதி சாந்தா ரொசாலியாவை வணங்க மொந்தே பெல்லெக்ரீனோ ஏறும் கூட்டத்தில் அவர்களுட் பலரை ஒரே நாளிற் சந்தித்துவிட முடியும்.