குழந்தை மனத்தைக் கற்கும் கல்வி

தில்லியின் கரோல்பாக்கிலோ, மும்பையின் மாதுங்காவிலோ, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்களிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ, பள்ளியில் ஆங்கிலம். இத்தனையும் சேர்ந்து குழந்தையின் அறிவைக் குழப்பிவிடாவா என்பதே அவ்வினா.

எங்கள் இல்லத்திலும் ஒரு காலத்தில் இவ்வினா எழுந்தது. எங்கள் மகளுக்கு மூன்று வயது நிறைந்திருந்த சமயம். அவள் பயின்ற மழலையர் பள்ளியில், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடுமாறு அறிவுரை கூறினர். நாங்களும் ஓராண்டுக் காலம் அவ்வாறே செய்தோம். கோடை விடுமுறையில் ஊரிலிருந்து பாட்டி வந்தார். பேத்தியை மடியில் இருத்திக்கொண்டு அவர் ஏதேதோ கேட்டார். குழந்தை விடை கூறச் சொல்லின்றி எங்கள் முகத்தையே பார்த்தது. அந்தப் பார்வையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

அம்மகள் இப்போது கல்லூரியில் உளவியல் பயில்கிறாள். அவள் கொணரும் பாடநூல்களை, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்குரிய ஆவலோடு நாங்களும் புரட்டுகிறோம். வளர்ச்சி உளவியல் என்னும் பாடம் எத்தகையது, அதைப் பயில்வோர் எதனைக் கற்கின்றனர் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனிதன் கருவில் உருவாகும் நாள் முதல் முதுமை எய்தும் வரை, அவனுடைய அறிவும் மொழியும் உணர்ச்சியும் பிறரோடு பழகும் திறனும் எவ்வாறு மாறிவருகின்றன என்று ஆராய்வது வளர்ச்சி உளவியல். குழந்தையின் பருவங்களைக் கூர்ந்து நோக்குவது தமிழர்க்குப் புதிதன்று. செங்கீரை, சப்பாணி, வருகை, அம்புலி என்று பருவங்களை வகுத்துப் பாடியது நம் பிள்ளைத்தமிழ் மரபு. ஆயின், புலவர் கண்டு மகிழ்ந்தார். ஆராய்ச்சியாளரோ கண்டதைக் குறித்துவைத்து, ஏன் என்று வினவுகிறார். சார்லசு டார்வின் தம் மூத்த மகனைக் குறித்து எழுதிவைத்திருந்த குறிப்புகளை 1877-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இத்துறையின் தொடக்ககால ஏடுகளுள் அதுவும் ஒன்று.

இப்பாடத்தைப் பயிலும் மாணவர் முதற்கண் அறிந்துகொள்ளும் பெயர்களுள் இரண்டு, சுவிட்சர்லாந்தின் பியாஜே, உருசியாவின் விகோத்ஸ்கி என்பன. இருவரும் 1896-இல் பிறந்தவர்கள். பியாஜே செய்துகாட்டிய சோதனை ஒன்றை எவரும் தம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரு குவளைகளில் சமமாக நீர் ஊற்றி நான்கு வயதுக் குழந்தைக்குக் காட்டுக. பிறகு ஒரு குவளையின் நீரை, அக்குழந்தையின் கண்ணெதிரிலேயே, உயரமான குறுகிய குவளைக்கு மாற்றுக. உயரமான குவளையில்தான் நீர் மிகுதி என்று குழந்தை பெரும்பாலும் கூறும். ஏழெட்டு வயதுப் பிள்ளையோ, "நீர் அதேதான், பாத்திரந்தான் வேறு" என்று சிரிக்கும். சிறுவர் அறிவு பெரியோர் அறிவின் குறுகிய வடிவம் அன்று, வேறு வகையானது என்பது பியாஜேயின் கருத்து. குழந்தை தனித்துக் கற்பதைவிட, மொழியின் துணையால், தன்னினும் அறிந்தவரோடு சேர்ந்து கற்பதே பெரிது என்று விகோத்ஸ்கி வற்புறுத்தினார்.

கொள்கைகளைப் பயின்றால் மட்டும் போதாது. பேசவறியாத குழந்தையிடம் வினா எழுப்பி விடை பெறும் வழியையும் மாணவர் கற்கவேண்டும். கனடா நாட்டில் வெர்க்கர், டீசு என்னும் இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நுனிநாவால் பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரத்துக்கும், நாவை மடித்து ஒலிக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாடு ஆங்கிலத்தில் பொருள் வேற்றுமை தருவதன்று. இந்தியிலும் தமிழிலும் தரும். இந்தி ஒலிகளைக் குழந்தைகள் கேட்குமாறு ஒலிக்கச் செய்து, ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை தோன்றி ஆடும்படி அமைத்தனர். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஆறு முதல் எட்டு மாதத்தில் இவ்வேறுபாட்டை உணர்ந்து தலை திருப்பின. பத்து, பன்னிரண்டு மாதங்களில் அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அது மங்கவில்லை. முதற்சொல் பேசுமுன்னரே குழந்தையின் செவி, வீட்டு மொழிக்கேற்பப் பண்பட்டுவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இத்துறை பல தலைமுறைகளாக ஆராய்ந்துவரும் வினா அது. 1923-இல் வேல்சு நாட்டுப் பள்ளிகளில் ஆய்வு நடத்திய சேயர் என்பவர், நாட்டுப்புறத்து இருமொழிச் சிறுவர் அறிவுச் சோதனையில் பின்தங்கியிருப்பதாகக் கண்டார். இருமொழி அறிவு மனத்தைக் குழப்பும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியது. ஆயின், ஒப்பிடப்பட்ட இரு சாராரின் குடும்ப நிலை ஒத்ததா என்பது அக்காலத்து ஆய்வுகள் பலவற்றில் செவ்வையாக நோக்கப்படவில்லை. வறுமையின் விளைவை மொழியின் மேல் ஏற்றிக் கூறும் பிழை அவற்றில் நேர்ந்தது.

1962-இல் மாண்ட்ரியால் நகரில் பீல், லாம்பர்ட்டு என்னும் இருவர் ஒத்த குடும்ப நிலையுடைய பத்து வயதுச் சிறுவரைத் தேர்ந்து ஒப்பிட்டனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒருங்கே அறிந்தோர் பெரும்பாலான சோதனைகளில் முந்தினர். இங்கும் நல்லாசிரியர் மாணவரை உடனே மகிழ விடுவதில்லை. "இருமொழிகளிலும் தேர்ந்தவர்களை மட்டுமே பொறுக்கியெடுத்தனரே, மொழியால் அறிவு கூடியதா, அறிவு மிக்கோர் இரு மொழிகளைக் கற்றனரா?" என்று கேட்பார். அவ்வாறு கேட்கப் பழகுவதே இக்கல்வியின் பயன் என்று நாங்கள் கருதுகிறோம்.

நம் நாட்டில் அசித் மொகந்தி என்னும் உளவியலறிஞர் ஒடிசாவின் கோந்து பழங்குடிச் சிறுவரிடையே ஆய்வு நடத்தினார். ஒரே இனம், ஒத்த வாழ்க்கை. சில பகுதிகளில் குயி மொழியும் ஒடியாவும் வழங்கின, வேறு சில பகுதிகளில் ஒடியா மட்டுமே எஞ்சியிருந்தது. இரு மொழிகளும் அறிந்த சிறுவரே சோதனைகளில் மேம்பட்டு நின்றனர். இவ்வாய்வுகளை விளக்கும் அவரது நூலை மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1994-இல் வெளியிட்டது.

இருமொழிக் கல்வி அறிவைக் கூர்மையாக்கும் என்பது பற்றி அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், வீட்டு மொழியைப் பேசுவதால் குழந்தையின் பேச்சு வளர்ச்சிக்கு ஊறு நேராது என்பது தெளிவு. ஒரே வாக்கியத்தில் தமிழையும் இந்தியையும் கலந்து பேசுவது இருமொழிக் குழந்தைகளின் இயல்பு. அதன் சொல்வளத்தை அளப்போர் ஒரு மொழிச் சொற்களை மட்டும் எண்ணாது, எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணவேண்டும். அவ்வாறு எண்ணியும் பேச்சு மிகப் பின்தங்கியிருப்பின், அல்லது அழைத்தால் குழந்தை திரும்பாதிருப்பின், மொழியின் மேல் பழிபோட்டுக் காலம் தாழ்த்தாது, செவித்திறனைச் சோதித்து மருத்துவரின் கருத்தைக் கேட்பதே முறை.

இக்கல்வியை நம் நாட்டில் எங்குப் பயிலலாம்? கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியல் துறை தோன்றியது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924-இல் தோன்றிய துறையை அமைத்தவர் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி. 1935-இல் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் அமைத்து, ஆகாசவாணி என்னும் பெயரோடு நடத்தியவரும் அவரே என்பது வானொலி நேயர்க்கு உவகை தரும் செய்தி. இன்று பல பல்கலைக்கழகங்களில் உளவியல் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக வளர்ச்சி உளவியல் கற்பிக்கப்படுகிறது. தில்லி லேடி இர்வின் கல்லூரியிலும் பரோடாப் பல்கலைக்கழகத்திலும் மனித வளர்ச்சி என்னும் பெயரில் தனித்துறையே உண்டு. கலைப்பிரிவு மாணவரும் இதைப் பயிலலாம். ஆனால் புள்ளியியலுக்கு அஞ்சலாகாது. குழந்தைகளிடையே அமர்ந்து, காண்பதை மட்டும் எழுதும் பொறுமையும் வேண்டும். "குழந்தை கோபம் கொண்டது" என்று எங்கள் மகள் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டு, "குழந்தை மரக்கட்டையை வீசியது என்று எழுது; கோபம் என்பது உன் ஊகம்" என்றாராம்.

பட்டம் பெற்றோர் பள்ளி ஆலோசகராகவும், முன்பருவக் கல்வித் துறையிலும், குழந்தை நலப் பணிகளிலும் அமரலாம். மருத்துவ உளவியலாளராக விழைவோர் மேலும் பயின்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெறவேண்டும்.

இக்கல்வியைப் பயிலாத பெற்றோரும் அதனிடமிருந்து ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். நம் குழந்தை பின்தங்கியது என்று எவரேனும் கூறினால், எந்தக் குழந்தையோடு ஒப்பிட்டு, எந்த மொழியில் சோதித்து அவ்வாறு கூறுகின்றனர் என்று பணிவுடன் கேட்போமாக. நாங்கள் அன்று அதைக் கேட்கவில்லை. எங்கள் மகள் பின்னர்த் தமிழைக் கற்றுக்கொண்டாள். பாட்டியோடு தொலைபேசியில் தடையின்றிப் பேசுகிறாள். எனினும், அவர் அவளை மடியில் இருத்திக் கதை கூறியிருக்கவேண்டிய அந்த ஓராண்டு திரும்பி வாராது. நேயர்கள் எவரும் அத்தகைய ஓராண்டை இழத்தல் வேண்டா.