முற்றுப்பெறாத ஆட்டமும் முறையான தீர்ப்பும்

ஓர் ஆட்டம் முடிவடையாமல் நின்றுவிடுமாயின், அதனால் நேரும் நஷ்டத்தை ஏற்க வேண்டியவர் யார்? விளையாட்டை வெறும் பொழுதுபோக்காகக் கருதுவோருக்கு இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும் 2023-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்க நாட்டில் இவ்வினா எழுந்தபோது, அதற்கு விடை காண்பது எளிதாக இருக்கவில்லை.

கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் குழுக்களின் ஆட்டத்தைக் கண்டு மகிழும் நம்மவர்க்குக் கால்பந்து என்றதும் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நினைவிற்கு வரும். அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பதோ வேறு. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், அவ்வாறு ஓடுபவனைச் சடுகுடுவில் போலப் பாய்ந்து பிடித்து வீழ்த்துவதும் அதன் இயல்பு. உடலுக்குப் பெருஞ்சோர்வு தரும் ஆட்டமாதலின், ஒரு குழு பெரும்பாலும் வாரத்திற்கு ஒருமுறையே ஆடும். 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் ஆடிய பின்னர், 14 குழுக்கள் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தேர்வு பெறும்.

இக்குழுக்கள் இரு பிரிவுகளாக அமைந்தவை. ஒவ்வொரு பிரிவிலும் தரவரிசையில் முதலிடம் பெறும் குழுவிற்கு இரு நன்மைகள் உண்டு: முதற்சுற்றில் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குச் செல்லலாம், அதன்பின், பிரிவின் இறுதியாட்டம் வரையில் சொந்த மைதானத்திலேயே ஆடலாம். வரிசையில் ஓரிடம் ஏறுவதும் இறங்குவதும் ஓராண்டு உழைப்பின் பயனை மாற்றிவிடக்கூடும்.

2023 ஜனவரி 2-ஆம் நாள் இரவு, சின்சினாட்டி நகரில் பஃபலோ பில்ஸ் குழுவும் சின்சினாட்டி பெங்கால்ஸ் குழுவும் மோதின. முதற்பகுதியிலேயே பெங்கால்ஸ் 7-3 என்று முன்னணியில் இருந்தது. அப்போது எதிராளியைத் தடுத்து வீழ்த்திய டமார் ஹாம்லின் என்னும் 24 வயது பஃபலோ வீரர், எழுந்து நின்ற மறுகணமே சாய்ந்து விழுந்தார். அவருடைய இதயத்துடிப்பு நின்றுவிட்டது. மைதானத்திலேயே அவருக்கு உயிர்காக்கும் சிகிச்சை அளித்து, மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். அதன்பின் ஆடும் மனநிலை இரு குழுவினர்க்கும் இல்லை. அன்றிரவே ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சில நாட்களில் முற்றிலும் கைவிடப்பட்டது.

மீண்டும் ஆடுவித்தால் என்ன என்று கேட்கலாம். எஞ்சியிருந்தது ஒரு வாரமே. இதற்கென இறுதிக்கட்டத்தைத் தள்ளிவைத்தால் தேர்வு பெற்ற 14 குழுக்களும் பாதிக்கப்படும். ஆடாமல் விட்டாலோ, தேர்வு பெறும் குழுக்கள் எவை என்பது மாறாது. அவற்றின் வரிசை மட்டுமே ஐயத்திற்கு உள்ளாகும்.

அந்த ஐயத்தின் அளவைக் கணக்கே காட்டும். வாரங்கள் முடிந்தபோது, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 17 ஆட்டங்களில் 14 வெற்றி பெற்றிருந்தது. பில்ஸ் 16-இல் 13. வெற்றி விகிதம் முறையே நூற்றுக்கு 82-க்குச் சற்று மேல், 81-க்குச் சற்று மேல். நின்றுபோன ஆட்டத்தில் பில்ஸ் வென்றிருந்தால் இரண்டும் சமமாகும். முன்னரே 2022 அக்டோபரில் சீஃப்ஸைத் தோற்கடித்திருந்ததால் பில்ஸ் முதலிடம் பெறும்.

குழு உரிமையாளர்கள் ஜனவரி 6-ஆம் நாள் ஓர் ஏற்பாட்டிற்கு இசைந்தனர். வெற்றி விகிதப்படியே வரிசை அமையும்; ஆயினும் சீஃப்ஸும் பில்ஸும் பிரிவின் இறுதியாட்டத்தில் சந்தித்தால், இருவர்க்கும் சொந்தமல்லாத பொது மைதானத்தில் ஆட வேண்டும். அதற்கு அட்லாண்டா நகரம் குறிக்கப்பட்டது. மற்றொரு விதியும் சேர்க்கப்பட்டது: கடைசி வாரத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் பெங்கால்ஸை வென்று, அவ்விரு குழுக்களே முதற்சுற்றிலும் மோத நேர்ந்தால், யாருடைய ஊரில் ஆடுவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும்.

இவ்விரண்டாம் விதியைப் பெங்கால்ஸ் தரப்பினர் வன்மையாக ஆட்சேபித்தனர். ஆட்டம் கைவிடப்பட்டால் வெற்றி விகிதமே முடிவு என்பது முன்பே இருந்த விதி. அதன்படி சொந்த மைதானம் தமக்கே உரியதாயிருக்க, இடையில் விதியை மாற்றியது நியாயமா என்று கேட்டனர். இக்கேள்வியில் வலு உண்டு. அன்றியும் நின்றுபோன ஆட்டத்தை அவர்கள் வென்றிருந்தால், பில்ஸைத் தாண்டி இரண்டாம் இடத்தைப் பெற்றிருக்கக்கூடும்; அந்த இழப்பிற்குப் பரிகாரம் ஏதும் செய்யப்படவில்லை. பில்ஸுக்கும் முதற்சுற்று ஓய்வு கிட்டும் வாய்ப்பு போயிற்று. சீஃப்ஸ் தம் ஊரில் இறுதியாட்டம் ஆடும் உறுதியை இழந்தது.

ஆக, எவர்க்கும் முழு நியாயம் கிட்டவில்லை. நடவாத ஆட்டத்தின் முடிவை எந்த நடுவராலும் அறிய இயலாது. நஷ்டத்தை ஒருவர்மேல் மட்டும் சுமத்தாமல் பகிர்ந்து வைப்பதே செய்யக்கூடியது. ஆட்டத்தை நிறுத்தியவர் பெரும் நஷ்டம் அடைவாரானால், நாளை வேறொரு வீரன் வீழ்ந்து கிடக்கையில் நிறுத்தத் துணிபவர் யார்? ஒருவர் உயிருக்காக ஆட்டத்தை நிறுத்துவதற்கு எவரும் அஞ்சாதிருக்க வேண்டும் என்பதே இத்தகைய விதிகளின் முதல் நோக்கமாதல் வேண்டும். யாருக்கு இலாபம், யாருக்கு நஷ்டம் என்று தெரியுமுன்னரே அவற்றை எழுதி வைப்பது நன்று. பெங்கால்ஸின் ஆட்சேபம் உணர்த்தும் பாடம் இதுவே.

இறுதியில் நாணயம் சுண்டவும் நேரவில்லை; அட்லாண்டாவிற்குச் செல்லவும் நேரவில்லை. பெங்கால்ஸ் ரேவன்ஸை 27-16 என்று வென்றது. பின்னர் பஃபலோ நகருக்கே சென்று பில்ஸையும் வென்றது. ஜனவரி 29-இல் கான்சாஸ் சிட்டியில் சீஃப்ஸிடம் 23-20 என்று தோற்றது. ஹாம்லினோ உடல்நலம் தேறி ஜனவரி 11-இல் வீடு திரும்பினார். அதே ஆண்டில் தொடங்கிய அடுத்த பருவத்தில் மீண்டும் மைதானத்தில் இறங்கி ஆடினார்.